நோன்பு மயக்கம்

காலை பத்தே காலுக்கு எழுதலாம் என்று மணி அடித்தது.

சபிஹா விலங்கியல் பகுதியை முதலில் எடுத்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் அது இருந்தது. பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகிறது, விளக்குக.

நீடாமங்கலத்தில் அன்றைக்குப் பிளஸ் டூ உயிரியல் எழுத உட்கார்ந்த பெண்களில் இந்தக் கேள்விக்கு இவளைப்போல விடை எழுதக்கூடியவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஏழாம் வகுப்பிலிருந்து தினம் இரண்டு வேளை அதை ஊசியில் ஏற்றி வயிற்றில் குத்திக்கொள்கிறவள் அவள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும். பக்கத்து வீட்டு ஷோபனாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது அத்தா போட்ட சட்டம்.

ஏ சங்கிலி, பி சங்கிலி என்று படம் வரைந்தாள். இரண்டையும் சேர்க்கும் பாலங்களுக்குக் கோடு போட்டாள். மூன்றாவது வரியில் பேனா ஓரத்துக் கோட்டைத் தாண்டிப் போனது. இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் போனது. மின்விசிறி நேர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு மேலுதட்டில் வியர்த்தது.

என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. விடியற்காலையில் போட்ட மருந்து இப்போதுதான் முழு வேகத்தில் இறங்கும். அது இறங்கும்போது வயிற்றில் சோறு இருக்க வேண்டும். சோறு இல்லை.

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை. ஒவ்வொரு வருஷமும் ரமலான் பிறப்பதற்கு முன்னால் பள்ளிவாசல் இமாம் அஜ்ரத் அதை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். உயிருக்கு ஆபத்தென்றால் வைக்கவே கூடாது என்றும் சொல்வார். அம்மா ஹமீதா பானு அதைக் கேட்டுத் தலையை ஆட்டுவாள். ஆனால் நோன்பு வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நோயாளி என்று சொல்ல வேண்டிவரும். ஆண்டவன் விட்டுக்கொடுத்ததை அவள் வீடு விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை, நோன்பும் இல்லை. அந்த நாட்களில் அடுப்பங்கரைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டால் எந்த வீட்டிலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ‘அவளுக்குத் தொழுகை இல்ல’ என்றால் போதும். ஒரு வாரத்துக்கு அந்தப் பேச்சு செல்லும். மீதி நாட்களில், ஆள் வராத நேரமாகப் பார்த்து, சபிஹா மாடி அறையில் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள். திருடித் தின்பதைப்போல. ஒவ்வொரு ரமலானும் இப்படித்தான் கழிந்தது.

இந்த வருஷம் ஹாஃபிஸா மாமி வந்துவிட்டாள். அத்தாவின் அக்கா. பட்டுக்கோட்டையில் அவர்களுக்குத் தேங்காய் மண்டி. மகன் தௌபீக் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் சபிஹாவுக்கும் பேசி வைத்தாயிற்று. அவன் அடுத்த விடுப்பில் வரும்போது நிச்சயம், அவளுக்கு வயது பூர்த்தியானதும் நிக்காஹ். மருமகளாக வரப்போகிறவளோடு உட்கார்ந்து நாலு நோன்பு திறந்துவிட்டுப் போகலாம் என்று மாமி பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த நேரம், சபிஹாவின் ஒரு வாரம் தீர்ந்துபோயிருந்தது.

மாமி இருக்கும் வரைக்கும் எப்படியாவது ஓட்டிவிடு என்றாள் அம்மா. முதல் இரண்டு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரொட்டி தின்றாள் சபிஹா. மூன்றாம் நாள் பரீட்சை வந்தது.

அன்றைக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்தில், வழக்கம்போல முதலில் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வந்தாள். மாமிக்கு ரசம் ஆறிப்போயிருந்தது. சுடவைத்துக் கொடுத்தாள். மாமிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டும். அதையும் வைத்துக் கொடுத்தாள். மருமகள் ஓடியாடி வேலை செய்வதைப் பார்த்து மாமிக்கு மனசு குளிர்ந்துபோனது. அதைச் சொல்லவும் சொன்னாள். சபிஹா உட்கார்ந்து நாலு வாய் வைப்பதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். பாங்குக்குப் பிறகு நோன்பாளி சாப்பிடுவதில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமியைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பரீட்சைக்குக் கிளம்பும்போது பேனா பவுச்சில் நாலு மிட்டாயைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபத்துக்கு அது ஒன்றுதான் வழி. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பவுச். வெளியே தெரிந்தது. வாசலில் மாமி நின்றாள். அம்மா பவுச்சைத் திறந்து மிட்டாயை எடுத்துக்கொண்டாள். நோன்பு வைத்த பிள்ளைக்கு மிட்டாய் எதற்கு என்று, மாமிக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். மகள் முகத்தைப் பார்க்காமல் பவுச்சைத் திருப்பிக் கொடுத்தாள்.

பரீட்சை அறையில் இப்போது சபிஹாவுக்குப் பேனா பிடியில் நிற்கவில்லை.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் நடராசன் என்ற ஆசிரியர். வேறு பள்ளிக்கூடத்துக்காரர். வரிசையில் நடந்து வந்தவர் அவள் அருகில் நின்றார்.

“என்னம்மா, நோன்பா?”

“ஆமா சார்.”

“எச்சி கூட முழுங்க மாட்டீங்களாமே. பரீட்சை அன்னைக்கும் வச்சிருக்க பாரு. பெரிய வைராக்கியம்மா.” பின்னால் இருந்தவர்களுக்கும் சேர்த்து, “நம்ம புள்ளைங்க ஒரு சனிக்கிழமை இட்லிய விடுமா?” என்றார்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர். அவளுக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. சர்க்கரை இறங்கும்போது இந்தக் கோபமும் வரும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். இது அந்தக் கோபம்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு கோபமும் நிறைய இருந்தது.

வினாத்தாளில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உணவுச் சங்கிலி என்று ஒரு வரி தெரிந்தது. அதற்கு அடுத்த வரி தெரியவில்லை. எழுந்து நின்றாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், எனக்கு லோ சுகர். இனிப்பு ஏதாச்சும் வேணும்.”

“யாருக்கு?”

“எனக்கு சார்.”

“நோன்பு மயக்கம்மா அது. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, சரியாப்போயிடும்.”

“நான் ஏழாவதுலேருந்து இன்சுலின் போட்டுக்கறேன் சார்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை அறையில் மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும். முன் பெஞ்சிலிருந்து ஷமீரா திரும்பிப் பார்த்தாள். ஷமீரா மாமியின் நாத்தனார் மகள். நடராசன் சார் அப்போதுதான் சபிஹாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். ஓடிப்போய் வெளியே யாரையோ கூப்பிட்டார்.

உயிரியல் டீச்சர் அறிவுமதிதான் வந்தாள். டீ போடும் இடத்திலிருந்து சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளங்கையில் கொட்டினாள். சபிஹா நக்கினாள். அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷோபனா மட்டும் குனிந்து எழுதுவதுபோல இருந்தாள்.

தலை தெளிய நேரம் பிடித்தது. இழந்த நேரத்தைத் தேர்வுப் பொறுப்பாளர்களிடம் கேட்டுப் பார்த்தாள் அறிவுமதி. முன்கூட்டியே டாக்டர் சீட்டு கொடுத்திருந்தால் மேலிடத்தில் கேட்டிருக்கலாம், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார்கள். ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வராந்தாவில் சபிஹாவிடம் கேட்டாள். இதே டீச்சர்தான் மரபுவழிப் படத்தைப் பலகையில் வரைந்து காட்டியவள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்தில் திருமணமென்றால் இரட்டைக் கோடு. இரட்டைக் கோட்டைப் போட்டதும் வகுப்பே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது. பாதிப் பேர் வீட்டில் அந்தக் கோடு இருந்தது. நோயுள்ளவரை உள்ளே நிழலடித்துக் காட்ட வேண்டும் என்றாள் டீச்சர். சபிஹா அன்று தன் நோட்டில் ஒரு வட்டத்தையும் நிழலடிக்காமல் விட்டாள்.

உள்ளே திரும்பி வந்து இன்சுலின் விடையைப் படித்துப் பார்த்தாள். படம் அழகாக இருந்தது. கீழே இருந்தவை எழுத்துகளே அல்ல. அடித்துவிட்டு மறுபடி தொடங்க நேரமில்லை. தாவரவியலுக்குப் போனாள். அதிலும் இரண்டு கேள்வி விட்டுப்போனது.

வெளியே வந்ததும் ஷோபனா அவள் பையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“ஒரு வகையில நல்லதுதான் புள்ள. இனிமே எங்க வீட்டு பீரோ சந்துல நின்னு பிஸ்கட் திங்க வேணாம்.”

சபிஹாவால் சிரிக்க முடியவில்லை. 

கடைத்தெருவில் அத்தாவின் கடை இருந்தது. உரம், விதை, பூச்சிமருந்து. ஜெகபர் அலி கடை என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாத விவசாயி இல்லை. நெல் அறுத்த வயல்களில் எல்லாம் உளுந்து நின்றது. கடையில் அமிர்தலிங்கம் என்ற விவசாயி உளுந்துச் செடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் பிடித்திருந்தது.

“மூடி வச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா கொல்லை பூராவும் போயிடும் மாமா. வந்த செடியப் புடுங்கிப் போடுங்க. பக்கத்து வயக்காரருக்கும் சொல்லிடுங்க. வெள்ளை ஈ வரப்பு பாத்தா நிக்குது?” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அத்தா.

அமிர்தலிங்கத்துக்குத் தயக்கம். பக்கத்துக்காரன் தன்னைத்தான் குறை சொல்லுவான் என்றார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார் அத்தா. மருந்தை எடுத்துக் கொடுத்தார். எத்தனை தண்ணீருக்கு எவ்வளவு என்று சொன்னார். குறைத்தாலும் கேடு, கூட்டினாலும் கேடு என்று வெளியே இறங்கியவரைக் கூப்பிட்டு மறுபடியும் சொன்னார்.

சபிஹா கேட்டுக்கொண்டு நின்றாள்.

அத்தாவுக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது. அவளை உட்காரச் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல மாமி இருக்கா. நோன்பு மயக்கம்னு சொல்லிடு. பரீட்சை பயத்துல ஏதோ ஒளறிட்டேன்னு சொல்லு.”

“ஒளறல அத்தா.”

“எனக்குத் தெரியாதா? சும்மா சொல்றதுதானே.”

அவ்வளவுதான். இன்னொரு விவசாயி வந்துவிட்டார். அத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மாமி தொழுதுவிட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். ஷமீரா சபிஹாவுக்கு முன்னாலேயே வந்துபோயிருந்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் சபிஹா உள்ளே போனாள். மாமி திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். அம்மா தூணோரமாக நின்றாள். அழுது முடித்த முகம்.

எத்தனை வருஷமாக என்று மாமி கேட்டாள். சபிஹா சொன்னாள். வெல்லம் நிறையத் தின்பாளோ என்று அம்மாவைக் கேட்டாள். இல்லை என்றாள் அம்மா. கடையில் பூச்சிமருந்து வாடை பிடித்தே வளர்ந்த பிள்ளை, அதனால் இருக்குமோ என்றாள் மாமி. பிறகு மாமி தான் சொல்ல வந்த இடத்துக்கு வந்தாள்.

“எங்க வழியில இது கெடையாது ஹமீதா. எங்க அத்தா எண்பது வயசுல அல்வா தின்னாங்க. தம்பி ரத்தத்துல இது வர்றதுக்கு வழியே இல்ல.”

“எங்க அத்தாவுக்கு இருந்துச்சு மதினி,” என்றாள் அம்மா. “எங்க பக்கந்தான்.”

சபிஹா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் அத்தாவுக்கு வந்தது அறுபது வயதில். அது வேறு, இது வேறு. இது வந்தபோது டாக்டர் அம்மாவை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். இவள் உடம்பே இவள் கணையத்தை எதிரியென்று நினைத்து அழித்துவிட்டது, யாரும் கொடுத்ததாகச் சொல்ல முடியாது, யார் மேலும் பழி போடாதீர்கள் என்றார். அம்மா அதை ஒரு எழுத்து விடாமல் கேட்டவள். இப்போது வாங்கிக்கொண்டாள். மாமியின் குரல் உயராமல் இருப்பதற்காக அந்தப் பழியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“அம்மா பக்கமும் இல்ல மாமி, உங்க பக்கமும் இல்ல,” என்றாள் சபிஹா. “அப்படி வர்ற நோய் இல்ல இது.”

“நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசுறோம்ல.”

பேசினார்கள். அத்தாவும் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தார். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. அம்மா பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கினாள். மாமி தன் முடிவைச் சொன்னாள். அவள் மனசு பெரியது என்று அம்மா பிறகு சொல்லப்போகிற முடிவு அது.

சம்பந்தத்தை முறிக்கப்போவதில்லை. தம்பி மகள். வெளியே கொடுத்தால் யார் எடுப்பார்கள்? தானே எடுத்துக்கொள்கிறாள். ஆனால் வலங்கைமான் பக்கத்தில் ஒருவர் பொடி கொடுக்கிறார். ஒரு மண்டலம் சாப்பிட்டால் ஊசி வேண்டியதில்லை. எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறது. பெருநாள் முடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடங்க வேண்டும். ஊசி போடுகிற மருமகள் என்று பட்டுக்கோட்டையில் யாரும் பேசக் கூடாது. ஷமீராவின் வாயைத் தான் அடைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பரீட்சை அறையில் நடந்தது நோன்பு மயக்கம்தான். யார் கேட்டாலும் அதுதான்.

“தௌபீக்குக்கு இப்ப எதுவும் தெரிய வேணாம். கண் காணாத எடத்துல கெடக்குறான். நிக்காஹ் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்.”

அம்மா மாமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தா நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு இறங்கியது. எல்லோரும் சபிஹாவை அன்போடு பார்த்தார்கள். ஊசியை நிறுத்தினால் அவள் ஒரு வாரம் தாங்குவாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமிக்குத் தெரியாது. அத்தாவுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று இரண்டு நாள் ஊசி போடாமல் இருந்து, நினைவில்லாமல் கிடந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடியவர் அவர்தான். அவர் இப்போது கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சபிஹா எழுந்து உள்ளே போனாள். விரலைக் குத்தி அளவு பார்த்தாள். மருந்தை ஊசியில் ஏற்றினாள். வழக்கமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். இன்றைக்குக் கூடத்துக்கே வந்து பாயில் உட்கார்ந்தாள். தாவணியை ஒதுக்கி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தாள். பாங்கு சொன்னார்கள். யாரும் பேரீச்சம்பழத்தில் கை வைக்கவில்லை. ஊசியை இறக்கினாள். மெதுவாக, கடைசித் துளி வரைக்கும்.

“ஹமீதா, கதவச் சாத்து,” என்றாள் மாமி. “தெருவுல ஆளு போகுது.”

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். அறை இருட்டிப்போனது. அத்தா எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் போன் பாயில் கிடந்தது. சபிஹா அதை எடுத்தாள். தௌபீக்கின் பெயரைத் தேடி எடுத்து, அத்தாவின் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நான் பொடி சாப்பிடப்போறதில்ல. நாளைக்கு நோன்பும் வைக்கப்போறதில்ல,” என்றாள். “அத்தா, மச்சானுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”